கோதடியின் கடைசி மூலை

அத்தியாயம் 14

ஷாலனுக்கு ஆண் குழந்தை பிறந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அந்தக் குழந்தையைத் தொட்டிலில் போட்ட நாளைப் பற்றி இப்போது எழுத வேண்டும். எழுதாமல் தாண்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

இடையில் படிக்க வந்தவர்களுக்காக நாலு வரி. கொய்னாவில் நிலம் நடுங்கிய அந்த விடியற்காலையில் எங்கள் அணைக்கட்டுக் குடியிருப்பு சரிந்து விழுந்தது. என் கணவர் சதாசிவ் வெளியே வரவில்லை. மூத்தவள் நந்தாவை யாரோ இழுத்துப் போட்டார்கள். கைக்குழந்தையாக இருந்த பண்டுவை, அவன் படுத்திருந்த கோதடியோடு சுருட்டிக்கொண்டு நான் ஓடிவந்தேன். அதன் பிறகு மிரஜில் என் கணவரின் அண்ணன் விஷ்ணுபந்தின் வீடுதான் எங்களுக்குப் போக்கிடம். அவரை பாவ்ஜி என்று கூப்பிடுவேன். அவர் மனைவி அனுசுயா, என் ஓரகத்தி, அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஷாலன் பாவ்ஜிக்கும் என் கணவருக்கும் ஒரே தங்கை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

பழைய புடவைகளை அடுக்கிக் கோதடி தைப்பது எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த வேலைதான். எனக்கு அது பிழைப்பாகிவிட்டது. பிரசவமான வீட்டுக்குத் தாய்வீட்டிலிருந்து கொடுக்கும் துணி வரிசை எங்கள் தெருவில் பாதி என் கையால் போனது. தலையோடு மூடிக் கட்டுகிற குஞ்சி, முடிச்சு வைத்த சட்டைகள், தொட்டிலுக்குமேல் தொங்கவிடப் பஞ்சடைத்த கிளிகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்னக் கோதடி.

பண்டுவுக்கு அப்போது ஒன்றரை வயது. கைக்கு எட்டியது எல்லாம் வாய்க்குப் போகும் வயது. ஊசியை நம்பிப் பிழைக்கிறவளுக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்தால் பகலெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். புடவைக் கரை ஒன்றைக் கிழித்து அவன் இடுப்பில் ஒரு முனையும் கட்டில் காலில் ஒரு முனையும் கட்டிவிடுவேன். அவன் தத்தி வந்து நிற்கும் எல்லைக்கு அப்பால் துணியை விரித்துக்கொண்டு உட்காருவேன். அவன் எல்லையில் நின்று என்னைத் திட்டுவான். என்ன மொழியோ, ஆனால் திட்டுத்தான்.

ஊசி கோப்பது நந்தாவின் வேலை. ஒரு ஊசிக்கு ஒரு வேர்க்கடலை கூலி. சில நாள் கோத்த ஊசியை உருவிவிட்டு மறுபடி கோத்துக் கூலி கேட்பாள். தெரியாத மாதிரி கொடுத்துவிடுவேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தைத்து முடித்த கோதடியைத் தரையில் விரித்து, இரண்டு உள்ளங்கைகளாலும் சப்பாத்தி மாவை அழுத்துகிற மாதிரி மூலைக்கு மூலை அழுத்திக்கொண்டே போவேன். குத்துகிறது எதுவாக இருந்தாலும் முதலில் என் கையில் குத்தட்டும். இதைச் செய்யாமல் ஒரு துணியும் என்னிடமிருந்து ஒரு குழந்தைக்குப் போனதில்லை. ஷாலன் பிள்ளைக்குத் தைத்தது மட்டும் அப்படிப் போனது.

கோதடி பசியோடு இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடைசி மூலையைத் தைக்காமல் விட்டு, அதற்குள் ஒரு துண்டு போளி வைத்து, பிறகுதான் மூடுவோம். பிறந்த குழந்தையின் கோதடி என்றால் பெயர் வைக்கும் நாள் காலையில், சூடாக எடுத்த போளியை வைத்து மூட வேண்டும். மற்ற வீடுகளுக்கு நான் தைத்தவற்றையும் மூலையைத் திறந்தபடியேதான் அனுப்புவேன். அந்த வீட்டில் யாரோ ஒரு சுமங்கலி மூடிக்கொள்வாள். ஆனால் அங்கெல்லாம் அவர்களுடைய ஊசி. நானும் முந்தின நாளே எல்லாம் அழுத்திப் பார்த்துவிட்டிருப்பேன். மூலை தைத்ததும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள் என்று சொல்லியும் அனுப்புவேன்.

இது எங்கள் வீட்டுக் கோதடி. ஷாலனின் காலஞ்சென்ற அம்மாவின் ஒன்பது கஜப் புடவையும், ஷாலன் பள்ளிக்கூடம் போன நாளில் கட்டிய பாவாடைகளும் அடுக்கித் தைத்தது. மூடிய பிறகு நானே அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அன்று காலை அக்கா போளி சுட்டுக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வசு, மூலைய நான் மூடிடறேன். நீ பிள்ளைங்களக் குளிப்பாட்டு."

"சரி அக்கா. மூடிட்டுக் கூப்பிடுங்க, ஒரு தடவை கையால பாத்துடறேன்."

அக்கா விறகைத் தள்ளி எரியவிட்டார். பிறகு சொன்னார், மூடின பிறகு என் கை அதில் படாமல் இருப்பதே நல்லது என்று. அது தன்னுடைய எண்ணம் இல்லையாம். ஷாலனின் மாமியார் துர்பதாபாய் தாஸ்காவிலிருந்து வருகிறார். வந்ததும் முதல் கேள்வியே யார் மூடியது, யார் தொட்டது என்றுதான் இருக்குமாம். "பொய் சொல்ல எனக்கு வராதுடி" என்றார்.

நீள ஊசியில் நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டு, கோதடியின் மேல் குத்தி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். எட்டு வருஷம் சுமங்கலியாக இருந்தவள்தான் நானும். அப்போது மற்றவர்களை விலகி நிற்கச் சொன்ன வீடுகளில் நானும் முன்வரிசையில் நின்றிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது கோதடி மடித்துப் பித்தளைத் தாம்பாளத்தில் இருந்தது. மேலே குஞ்சி, அதன்மேல் மஞ்சள், குங்குமம், தேங்காய். தையல் பையை அக்கா வழக்கமாக வைக்கிற சுவர்ப் பிறையில் வைக்காமல் கட்டிலிலேயே விட்டிருந்தார். நான் நந்தாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பண்டுவின் இடுப்பில் அன்று கயிறு இல்லை. விருந்தாளி வரும் நாளில் பிள்ளையைக் கட்டிப் போட்டிருப்பது பார்க்க நன்றாக இருக்காது என்று அவிழ்த்திருந்தேன்.

"அம்மா, பண்டு நூல் திங்கறான்" என்றாள் நந்தா.

திரும்பினேன். பை கவிழ்ந்து கிடந்தது. பண்டுவின் வாயோரத்திலிருந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் நூல், காலையில் நான் கோத்துக் கொடுத்தது. பிடித்து இழுத்தேன். எச்சிலோடு வந்துவிட்டது. ஊசி இல்லை.

விரலை விட்டு வாய் முழுக்கத் துழாவினேன். என் நகம் பட்டதோ என்னவோ, உதட்டில் ரத்தம். அவன் அலறினான், வாந்தி எடுத்தான். வாந்தியில் போளி மட்டும் இருந்தது. பையைக் கொட்டினேன். கத்தரி, விரல்பூண், சின்ன ஊசிகள் குத்திய கம்பளித் துண்டு எல்லாம் இருந்தன. நீள ஊசியைக் காணவில்லை.

அக்காவைக் கேட்டேன். பையில்தான் வைத்ததாகச் சொன்னார். தரையைப் பெருக்கினோம், பாயை உதறினோம், கட்டிலை நகர்த்தினோம். ஷாலன் பிரசவ அறையிலிருந்து எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நீ படு என்று அக்கா அவளை உள்ளே அனுப்பினார்.

பாவ்ஜி கோட்டுப் போட்டுக்கொண்டு சம்பந்திகளை எதிர்கொள்ள நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது. தம்பி மகன். தானும் வருவதாகச் சொல்லித் தெருமுனைக்குப் போய்க் குதிரை வண்டியைக் கூட்டிவந்தார். அதற்குள் சம்பந்திகளின் வண்டி வந்துவிட்டது. நான் தனியாகவே ஏறினேன்.

அக்கா வண்டிப் படிவரை வந்தார். பண்டுவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் முழுங்கியிருக்க மாட்டான் வசு. எனக்குத் தோணுது. கொஞ்சம் பொறுத்துப் பாப்போமே."

எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "நீங்க நந்தாவப் பாத்துக்குங்க அக்கா" என்றேன். வண்டி கிளம்பிய பிறகும் அவர் வாசலில் நின்றிருந்தார். உள்ளே விருந்தாளிகள் இருக்கும்போது ஏன் இன்னும் நிற்கிறார் என்று அப்போது யோசிக்கவில்லை.

மிரஜில் ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டமும் பெரியது. பெல்காமிலிருந்தும் பண்டர்பூரிலிருந்தும் வந்த நோயாளிகள் மரத்தடியிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பண்டு என் தோளில் அழுது களைத்துத் தண்ணீர் கேட்டான். தண்ணீர்கூடக் கொடுக்காதே என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவன் குழாயைக் காட்டிக் காட்டி அழுதான். பக்கத்தில் இருந்த ஒரு பெண்பிள்ளை என்னைப் பார்த்து, என்ன தாயம்மா நீ, ஒரு வாய் தண்ணி தரமாட்டியா என்று கேட்டாள். ஊசி என்றேன். அவள் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் அம்மா நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஊசி எவ்வளவு நீளம் என்று கேட்டார். என் நடுவிரலைக் காட்டினேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஆம்பளைங்க யாராவது கூட வந்திருக்காங்களா?"

"இல்லைங்க. இவன் அப்பா இல்ல. எதுவானாலும் என்கிட்ட சொல்லுங்க."

அவர் சொன்னார். சின்ன ஊசி என்றால் சில சமயம் தானாகவே வெளியே போய்விடும். இவ்வளவு நீளம் என்றால் குடலில் குறுக்கே நின்றுவிடும். படத்தில் தெரிந்தால் இன்றைக்கே வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பதிலேயே ஆபத்து உண்டு. எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, படம் எடுக்கும் அறைக்கு அனுப்பினார்.

குளிர்ந்த பலகையில் அவனைப் படுக்கவைத்து, நான் கைகளையும் ஒரு ஆள் கால்களையும் பிடித்துக்கொண்டோம். அசைந்தால் படம் கெட்டுவிடும் என்றார் எக்ஸ்ரேக்காரர். என் பலம் முழுவதையும் கொடுத்து அவனைப் பிடித்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு அலறினான். சுவர் விழுந்த அன்று அவன் அழவே இல்லை. அது அப்போது ஞாபகம் வந்தது. புழுதியில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கோதடிக்குள் சும்மா இருந்தான். அவனையாவது விட்டுவைத்தாயே என்று அன்றைக்குச் சொன்ன, மேலே இருக்கிற அதே ஆளிடம், இப்போது அதற்காக என்னை வாடகை கேட்காதே என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

படம் கழுவி வர நேரமாகும் என்றார்கள். நடைபாதையில் உட்கார்ந்தேன். பண்டு தூங்கிவிட்டான். அவன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அந்த ஊசி எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்று யோசித்தேன். அவனைத் தோளில் போடுவதா, மடியில் கிடத்துவதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒருமுறை பார்த்தார். திருப்பிப் பிடித்து மறுபடி பார்த்தார்.

"இவனுக்குள்ள ஊசி இல்லம்மா. கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் சுத்தமா இருக்கு. இரும்புன்னா பளிச்சுன்னு தெரியும், ஒளிஞ்சுக்க முடியாது."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள், எனக்குத்தான். பண்டு பறித்துக் குடித்தான்.

வண்டியில் திரும்பும்போது முதலில் ஒன்றும் தோன்றவில்லை. வழியில் நிறுத்தி அவனுக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். வண்டிக்காரர், பையன் பிழைச்சிட்டான் போல என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது மெல்ல வந்தது.

ஊசி பண்டுவுக்குள் இல்லை. பையில் இல்லை. தரையில் இல்லை. கடைசியாக அது எதில் இருந்தது? என் கண்ணால் கடைசியாகப் பார்த்தது கோதடியின் மேல், நானே குத்தி வைத்தபோது. அதற்குப் பிறகு யார் கையும் அதை அழுத்திப் பார்க்கவில்லை.

சீக்கிரம் போங்க என்று வண்டிக்காரரிடம் சொன்னேன். மறுபடி சொன்னேன்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே தொட்டில் பாட்டு முடிந்திருந்தது. பெண்கள் தொட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, வழக்கப்படி முதலில் அம்மிக் குழவியைத் துணியில் சுற்றிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கோவிந்தா என்று தொட்டிலுக்கு அடியில் கொடுக்க, மற்றவள் கோபாலா என்று மேலே வாங்கினாள். கல் போன பிறகு குழந்தை போகும். குழந்தை ஷாலனின் நாத்தனார் கையில் இருந்தது, கோதடியில் இறுக்கிச் சுற்றி. வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பசி, பசி என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

வாசற்படியில் நின்றேன். அந்த அறைக்குள் நான் அன்று வரக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாருக்கும் தெரியும். பாவ்ஜி என்னைப் பார்த்ததும் வேகமாக வந்து, பண்டு எப்படி இருக்கான் என்று கேட்டார். அவனை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தேன்.

பெண்கள் விலகினார்கள். வழி விடுவதற்கு இல்லை, என் புடவை படாமல் இருப்பதற்கு.

"குழந்தையக் குடுங்க" என்றேன் நாத்தனாரிடம். அவள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

துர்பதாபாய் பெரிய உருவம், மெல்லிய குரல். "என்ன பழக்கம் இது அனுசுயாபாய்? உங்க வீட்டுல இதெல்லாம் சொல்லித் தர்றதில்லையா?" என்று என்னை விட்டுவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"அந்தத் துணிக்குள்ள ஊசி இருக்கு" என்றேன்.

நாத்தனார் சட்டென்று சுற்றை அவிழ்த்தாள். குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. தோள்பட்டைக்குப் பின்னால், நகத்தால் கீறியது போல ஒரு சிவப்புக் கோடு. ஷாலன் எழுந்து வந்து குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கோதடி என் கைக்கு வந்தது.

தரையில் விரித்தேன். கத்தரி எடுக்கப் போகவில்லை. கடைசி மூலையைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். இரண்டு தையல் விட்டதும் காய்ந்த போளித் துண்டு விழுந்தது. அதற்குள் பாதி புதைந்து ஊசி இருந்தது. முழு ஊசி இல்லை. காது இருக்கும் பின்பாதி மட்டும். ஒடிந்த முனை ரம்பம் போல இருந்தது.

முன்பாதியைத் தேடி மூலை முழுவதையும் பிரித்தேன். கிடைக்கவில்லை.

துர்பதாபாய் குனிந்து அந்தப் பாதி ஊசியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, யாரையும் குறிப்பிடாமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "தாலி அறுத்த கையில குழந்தைத் துணியக் குடுத்தா இதுதான் வரும்" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தொட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது. நான் வாயைத் திறந்திருப்பேன். அதற்குள் ஷாலன் பேசினாள்.

"மூலைய மூடினது பெரியண்ணி. நான் படுத்துக்கிட்டே பாத்தேன்."

எல்லா முகங்களும் திரும்பின. அக்கா கயிற்றை விட்டார். முந்தானையின் முடிச்சை அவிழ்த்தார். அதற்குள்ளிருந்து ஊசியின் முன்பாதியை எடுத்துத் தாம்பாளத்தில் போட்டார். சின்னச் சத்தம்தான். அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"ஓரத்துல நாலு மடிப்பு. தள்ளினேன், ஒடிஞ்சுபோச்சு" என்றார். "பின்பாதி நூல்லேர்ந்து கழண்டு கீழ விழுந்துடுச்சுன்னு நெனச்சேன். துணிக்குள்ளயே போயிடுச்சுன்னு தெரியாது."

துர்பதாபாய்க்கு இது போதுமானதாக இருந்தது, என்னைத் திட்டியதைவிட அதிகமாக. ஒரு மலடி கையில் ஊசி ஒடிந்திருக்கிறது, அதுவும் ஆண் குழந்தையின் கோதடியை மூடும்போது. அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. ஷாலனிடம் மட்டும் பேசினார். தொட்டில் இருக்கட்டும், கிளம்பு என்றார். தாய்வீட்டில் மூன்று மாதம் இருக்க வேண்டியவள் ஷாலன். பாவ்ஜி எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். நாள் பார்த்து இன்னொரு முறை வைத்துக்கொள்ளலாம் என்றார், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. பேரை எங்க வீட்டுல வச்சுக்கறோம் என்று பதில் வந்தது.

ஷாலன் வண்டியில் ஏறும்போது என் கையை ஒரு முறை அழுத்தினாள். பெரியண்ணியைத் தேடினாள். அக்கா வெளியே வரவில்லை. குழந்தை பெயரில்லாமல் எங்கள் வீட்டை விட்டுப் போனது.

பெரிய பாத்திரம் நிறையப் போளி மிஞ்சியிருந்தது. நந்தா ஒன்றை எடுத்துக்கொண்டு, இதைச் சாப்பிடலாமா, இதிலும் ஊசி இருக்குமா என்று கேட்டாள். இல்லை, சாப்பிடு என்றேன். பிய்த்துப் பிய்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள்.

அக்கா பின்கட்டில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். பண்டு அவர் மடியில் இருந்தான். யார் கொண்டுபோய் விட்டார்களோ, அவனே போனானோ. அவர் முந்தானையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். அவனை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கை பரபரத்தது. எடுக்கவில்லை.

நான் கேட்காமலே அவர் சொன்னார். ஊசி ஒடிந்ததும் அவருக்கு முதலில் தோன்றியது, இதை யாராவது பார்த்தார்களா என்பதுதானாம். கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாக எந்தத் தொட்டிலுக்கும் அவரை முன்னால் நிற்கவிட்டதில்லை. எனக்கு விதவை என்று பெயர் விழுந்ததால்தான் இந்த ஒரு முறை அவருக்கு அந்த மூலை கிடைத்தது. அதிலும் ஊசி ஒடிந்தது என்றால் ஊர் என்ன சொல்லும்? நூலைக் கத்தரித்துப் பையில் போட்டார். முனையை முடிந்துகொண்டார். மீதியைத் தான் உட்கார்ந்து தைத்த இடத்துத் தரையில் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை; பண்டு அந்தப் பக்கமே வரவில்லை. அதற்குள் பண்டு பையில் இருந்த அந்த ஊசியில்லாத நூலை வாயில் வைத்தான்.

விதவை என்பதை அவர் சொன்ன விதத்தில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். அதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஊசி ஒடிந்தது யார் கையிலும் நடக்கும். பயந்து மறைத்ததும் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்களின் கண் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் ஒன்று எனக்குள் இறங்கவே இல்லை.

"அக்கா, என் பிள்ளை வயித்துல ஊசி இல்லன்னு உங்களுக்குக் காலையிலயே தெரியும்."

"ம்."

"நான் வண்டி ஏறும்போதும் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். சொல்ல வாயெடுத்தேன் வசு, வண்டிப் படிவரைக்கும் வந்தேன் என்றார். சம்பந்திகள் உள்ளே இருந்தார்கள். எக்ஸ்ரேதானே, எடுத்துப் பார்த்துவிட்டு இல்லை என்று வந்துவிடுவார்கள், அத்தோடு போயிற்று என்று நினைத்தாராம்.

"டாக்டர் படத்த சரியாப் பாக்காம, வயித்த அறுக்கணும்னு சொல்லியிருந்தா? நான் உங்ககிட்ட ஆள் அனுப்பிக் கேட்டிருந்தா? அப்ப சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அது பொய்யாக இருந்தாலும் போதும் என்று இருந்தது. அதை வாங்கிக்கொண்டு அந்த வீட்டில் நான் மேற்கொண்டு குடியிருந்திருப்பேன்.

அக்கா பண்டுவின் வாயிலிருந்து முந்தானையை மெதுவாக இழுத்தார். அவன் விடவில்லை. அவர் இழுப்பதை நிறுத்திவிட்டார்.

"தெரியல வசு" என்றார். "காலையிலேர்ந்து அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன். தெரியல."

பண்டுவை அவர் மடியிலிருந்து எடுத்தேன். அவன் முந்தானையைப் பற்றியபடியே வந்ததால், அது அவர் தோளிலிருந்து நழுவி என் கையில் பாதி நீண்டது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அதை அவரிடம் கொடுக்க முடிந்தது.

திரும்பியபோது சமையலறை வாசலில் பாவ்ஜி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது; அக்கா கடைசியாகச் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. கையில் தலைப்பாகை அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷத்தில் அவர் அக்காவை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த வீட்டுக்கு நான் குடிவந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் அக்கா அந்தப் பார்வையை அதற்கு முன் கண்டதில்லை. கல்லிலிருந்து அக்கா சட்டென்று எழுந்து நின்ற விதத்திலிருந்து அது எனக்குத் தெரிந்தது.